காத்திருக்கத் தெரியாத பெட்டி

"மறுபடியுமா சார்?" என்றார் பழுதுபார்ப்பவர்.

எடையளவு ஆய்வாளர் உள்ளே வந்து மேசைமுன் நின்றார். தோள்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, சுற்றியிருந்த துண்டை மடிப்பு மடிப்பாகப் பிரித்து, உள்ளிருந்த லூப் பெடலை மேசைமேல் வைத்தார். பத்து நாட்களில் அந்தக் கடைக்கு அவர் வருவது மூன்றாம் முறை. கடையில் ஒலிபெருக்கிகள் வயிறு திறந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே பழுதுபார்ப்பவர் ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மறு கண்ணால் ஆய்வாளரைப் பார்த்தார்.

"மெதுவாகுது," என்றார் ஆய்வாளர்.

"சார், அது..."

"முதல் நாலஞ்சு சுத்து ஒழுங்கா ஓடுது. அப்புறம் இழுக்குது. கொஞ்ச நஞ்சம் இல்லை. நான் ஒரு பக்கம், அது ஒரு பக்கம்."

"போன தடவை என்ன சொன்னேன்?"

"அடாப்டரை மாத்தச் சொன்னீங்க. மாத்திட்டேன்."

"அதுக்கு முந்தின தடவை?"

"ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்க."

"இப்பவும் அதேதான் சார்."

அந்தப் பெட்டி பெரிய விஷயம் ஒன்றுமில்லை. செங்கல்லில் பாதி அளவு இரும்பு. மேலே காலால் மிதிக்க ஒரு பொத்தான். ஒருமுறை மிதித்தால் கிதாரில் வாசிப்பதைப் பதியத் தொடங்கும். மறுமுறை மிதித்தால் பதிந்ததைத் திருப்பித் திருப்பி ஒலிக்கும். மூன்றாம் முறை மிதித்தால் அதன்மேலேயே அடுத்ததையும் பதியும். அடுத்தடுத்து இரண்டு மிதி கொடுத்தால் நிற்கும். அழுத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்துபோகும். தனியாக வாசிக்கிறவர் தமக்குத் தாமே துணைக்கு வாசித்துக்கொள்வதற்காக ஏற்பட்ட ஏற்பாடு அது.

இம்முறை ஆய்வாளர் வெறுங்கையோடு வரவில்லை. அலுவலகத்தில் சோதித்து முத்திரையிட்ட ஸ்டாப் வாட்சையும் கொண்டுவந்திருந்தார். பழுதுபார்ப்பவர் பெருமூச்சு விட்டபடி கடையில் தொங்கிய ஒரு கிதாரை எடுத்து நான்கு பார், அதாவது பதினாறு தட்டு, வாசித்துப் பதிந்தார். ஒரு சுற்றுக்கு ஒன்பது புள்ளி ஆறு வினாடி. இருபது சுற்று ஓடவிட்டு இருவரும் கடிகாரத்தின்மேல் குனிந்தார்கள். மூன்று நிமிடம் பன்னிரண்டு வினாடி. ஓர் இழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"சார், இது கெட்டுப்போனா நின்னு போகும். இல்லைன்னா கர்புர்னு சத்தம் போடும். மெதுவா ஓட இதுக்குத் தெரியவே தெரியாது."

"அப்போ என் வீட்டுல மட்டும் ஏன் இழுக்குது?"

பழுதுபார்ப்பவர் கிதாரை அவரிடம் நீட்டினார். "வாசிங்க. நான் பார்க்கிறேன்."

ஆய்வாளர் வாசித்தார். நான்கு சுற்று வரை பெட்டியும் அவரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு போனார்கள். ஐந்தாவதில் மெட்டு மேலேறியது. ஏழாவதில் அவர் விரல்கள் முடித்த இடத்துக்குப் பெட்டி அரைத் தட்டு தாமதமாக வந்து சேர்ந்தது. "பார்த்தீங்களா! பார்த்தீங்களா!" என்று அவர் வாசித்துக்கொண்டே கூவினார்.

பழுதுபார்ப்பவர் பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். கெட்ட செய்தி சொல்லப்போகிற பல் மருத்துவரின் முகம் அவருக்கு வந்திருந்தது.

"சார் தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"பெட்டி இருக்கிற எடத்துலயேதான் இருக்கு. நீங்கதான் கிளம்பிப் போயிடுறீங்க. பஸ்சைப் பிடிக்கப் போற மாதிரி."

ஆய்வாளர் இருமுறை நன்றி சொன்னார். கோபம் தலைக்கேறும்போது அவருக்கு மரியாதை கூடும். பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கியபோது அவருக்குக் காது மடல் சுட்டது. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடை கடையாக ஏறி, பித்தளை எடைக்கற்களை இடுக்கியால் எடுத்து வைத்து, அடுத்தவர் தராசில் அரை கிராம் தப்பைக் கண்டுபிடித்தவர் அவர். அவரைப் பார்த்து ஒரு ரேடியோ மெக்கானிக் சொல்கிற சொல்லா இது!

ஆனால் அவருக்கு அந்தச் சொல் சுட்டதற்கு வேறொரு காரணம் இருந்தது. அதைச் சொல்ல ஐந்து வாரம் பின்னால் போக வேண்டும்.

ஆய்வாளரும் அவர் மனைவியின் தம்பியும் பத்து ஆண்டுகளாகச் சேர்ந்து கிதார் வாசித்து வந்தார்கள். மைத்துனன் ரிதம் வாசிப்பான். அதாவது பல தந்திகளைச் சேர்த்து மீட்டும் கார்டுகளைத் தட்டித் தாளத்தையும் பின்னணியையும் கொடுப்பான். அதன்மேல் ஆய்வாளர் மெட்டை வாசிப்பார். சொந்தக்காரர் வீட்டு விசேஷம், அலுவலக ஆண்டு விழா என்று அழைத்த இடமெல்லாம் போனார்கள். பிறகு ஒருநாள், கண்ணாடிச் சன்னல்கள் வைத்த மாடி உணவகம் ஒன்றின் மேலாளர், சனிக்கிழமை மதியங்களில் வந்து வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஆய்வாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் மேலாளர் ஒரு நிபந்தனை வைத்தார்.

"ஒருத்தருக்குத்தான் சார் எடம். ஒரு நாற்காலி போட்டா, அதுக்கு அந்தப் பக்கம் தண்ணி ஜாடி மேசை வந்துடுது."

ஆய்வாளர் யோசிக்க ஒரு நாள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அங்கேயே சரி என்று சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், எல்லாரும் கூடியிருந்தபோது, விஷயத்தைப் போட்டு உடைத்தார். மைத்துனன் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டேதான் கேட்டான்.

"அப்போ ரிதம் யாரு மாமா? தண்ணி ஜாடியா?"

உள்ளே குறுகுறுக்கிற மனத்துக்குக் கோபம்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ஆய்வாளருக்கும் அதுதான் கைக்கு வந்தது.

"ரிதமுக்கு ஒரு பெட்டி வாங்கிட்டேன் மாப்ள. அது இழுக்காது. உன்னை இழுத்துக்கிட்டு ஓடுறதே பத்து வருஷமா எனக்குப் பாதி வேலை."

மாமியார் பரிமாறும் கரண்டி பாதி வழியில் நின்றது. மைத்துனன் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்து, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு ஆய்வாளர் வீட்டுப் படியை மிதிக்கவில்லை. அன்று முதல் அவர் மனைவி அவரிடம் நறுக்கென்று நாலு வார்த்தைக்கு மேல் பேசுவதுமில்லை.

இதையெல்லாம் நினைத்தபடிதான் அவர் கடையிலிருந்து வீடு வந்து சேர்ந்தார். முதல் சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அந்த மூன்று வாரத்தின் முதல் வாரம் அவரைப் படாத பாடு படுத்தியது. பெட்டியைத் தாளத்தின் முதல் தட்டில், அந்த நொடியிலேயே மிதிக்க வேண்டும். மயிரிழை தாமதித்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தாமதம் நொண்டிக்கொண்டு வரும். அவருக்கோ வாசிக்கும்போது வலக்காலால் தாளம் போடுகிற பழக்கம். தாளம் போடுகிற காலும் அதுவே, பெட்டியை மிதிக்க வேண்டிய காலும் அதுவே. செருப்போடு மிதித்தால் பொத்தான் தெரியவில்லை. வெறுங்காலோடு மிதித்தால் கட்டைவிரல் வலித்தது. காலுறையோடு மிதித்தால் வழுக்கியது. ஒருநாள் முக்கால் மணி நேரம் பாடுபட்டு மூன்றடுக்காக அழகாகக் கட்டிய பின்னணியை, நிறுத்துவதாக நினைத்து அழுத்திப் பிடித்து, ஒரேயடியாக அழித்துவிட்டார். அன்று அவர் சுவரைப் பார்த்து வைத வசவை இங்கே எழுதுவது முறையாகாது.

அதற்கு மறுநாள்தான் அது நடந்தது.

கிதாரின் நேரடி ஒலி தகரம் போல இருப்பதாகப் பட்டதால், அவர் முன்னால் ஒரு மைக்கை வைத்து அதன் வழியாகப் பெட்டிக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார். பதிவைத் தொடங்க மிதித்தார். உள்ளுக்குள் எண்ணிக்கொண்டு முதல் கார்டுக்குக் கையை ஓங்கினார். அந்த நேரம் பார்த்து அடுத்த அறையில் மனைவி யாருடனோ தொலைபேசியில் பேசத் தொடங்கினாள். ஆய்வாளர் எரிச்சலோடு, வாசிக்காமலே மறுபடியும் மிதித்துவிட்டார். நிறுத்துவதற்கு இரண்டு மிதி வேண்டும் என்பது மறந்துபோயிற்று. ஒலிபெருக்கியிலிருந்து மனைவியின் குரல் தெள்ளத்தெளிவாக வந்தது.

"...இல்லடா தம்பி, அவருக்கு இன்னும் தெரியலை. இத்தனை வருஷம் நீதானே கூடவே ஓடி ஓடிச் சமாளிச்சே. பெட்டி ஓடுமா?"

ஆய்வாளர் கையை ஓங்கியபடியே உட்கார்ந்திருந்தார். குரல் முடிந்து மறுபடி தொடங்கியது.

"...இல்லடா தம்பி, அவருக்கு இன்னும் தெரியலை..."

மூன்றாம் சுற்றில் மனைவி கையில் தொலைபேசியோடு வாசலில் வந்து நின்றாள். தன் குரல் பெட்டிக்குள்ளிருந்து தன் தம்பியைக் கேள்வி கேட்பதைக் கேட்டு அவள் முகம் வெளுத்தது.

"நிறுத்துங்களேன் அதை," என்றாள்.

"எனக்கு என்ன தெரியலை?"

"முதல்ல நிறுத்துங்க."

"பெட்டி ஓடுமா," என்று கேட்டது பெட்டி.

அவர் நிறுத்தினார். மனைவி கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டாள். ஐந்து வாரத்துக்குப் பிறகு நாலு வார்த்தைக்கு மேல் பேசினாள்.

"என்னங்க, நீங்க வேகமா போவீங்க. மெட்டு மேல ஏற ஏற உங்களுக்கு அவசரம் வந்துடும். தம்பி உங்க விரலைப் பார்த்துக்கிட்டே இருப்பான். நீங்க ஓடினா அவனும் ஓடுவான். நீங்க நின்னா நிப்பான். கேட்கிறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"யாருக்கெல்லாம் தெரியும் இது?"

"எனக்குத் தெரியும்."

"அப்புறம்?"

"அப்பாவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியும். அக்கா வீட்டுக்காரருக்குக் கூட..."

"சகலைக்குமா? அவருக்கு ஹார்மோனியத்துக்கும் தையல் மெஷினுக்கும் வித்தியாசம் தெரியாதே!"

"உங்க வேகம் மட்டும் தெரிஞ்சிருக்கு," என்றாள் மனைவி. அவள் உதடு லேசாகத் துடித்தது. சிரிப்பை அடக்குகிறாளா அழுகையை அடக்குகிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை.

அன்றிலிருந்து ஆய்வாளர் பெட்டியைக் குறை சொல்வதை விட்டுவிட்டுத் தம்மோடு மல்லுக்கு நின்றார். "படிக்கட்டு" என்று அவரும் மைத்துனனும் பெயர் வைத்திருந்த மெட்டு ஒன்று உண்டு, அவரே அமைத்தது. அதன் மூன்றாம் பகுதி கிதாரின் கழுத்து நெடுக மேலேறும். அங்கேதான் அவர் கால் பிடரியில் படக் கிளம்பிவிடுவார். கட்டையான தாளத் தட்டு ஒன்றைப் பெட்டியில் பதிந்துகொண்டு, அந்தப் பகுதியை மட்டும் நாளுக்கு அறுபது முறை வாசித்தார். ஒவ்வொரு முறையும் பெட்டி தன் பாட்டுக்கு, தன் இடத்தில், கொஞ்சமும் முகம் கொடுக்காமல் இருந்தது. அது கோபித்துக்கொண்டாலாவது பரவாயில்லை என்று அவருக்குத் தோன்றியது. அலுவலகத்தில் தராசுத் தட்டு ஆடி அடங்குவதற்குள் முத்திரையை ஓங்கப் போய், தம்மையே தடுத்துக்கொண்டு, அது முழுவதும் நிற்கும்வரை பற்களைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். உதவியாளருக்கு அவர் உடம்புக்கு ஏதோ முடியவில்லை என்று பட்டது.

இரண்டாம் வாரக் கடைசியில் அவர் ஓடாமல் வாசித்தார். கடிகாரம் வைத்துப் பார்த்தாயிற்று. ஆனால் அதோடு தொல்லை தீரவில்லை. "படிக்கட்டு" மூன்று பகுதிக்கும் மூன்று விதமான கார்டுகள். நான்கு பாரைச் சுழலவிட்டு ஒப்பேற்ற முடியாது. முழு மெட்டுக்கும் ரிதத்தை ஒரே மூச்சில் பதிந்து வைக்க வேண்டும். ஆய்வாளர் பதிந்து பார்த்தார். தாளம் சரியாக இருந்தது, வேறொன்றும் இல்லை. அடுக்கி வைத்த செங்கல் வரிசை போல இருந்தது. மைத்துனனின் வலக்கை மணிக்கட்டில் இருந்த அந்த லேசான ஊஞ்சலாட்டம் அவருக்கு வராது. இந்தப் பிறவியில் வராது.

அவர் போய்க் கேட்டிருக்க வேண்டும். போகவில்லை. பெட்டியைத் துண்டில் சுற்றி மனைவியிடம் கொடுத்தார். கூடவே ஒரு சீட்டு: "படிக்கட்டு. மூன்று பகுதியும். ஒரே தடவையாக."

மனைவி சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இவ்வளவுதானா?"

"வேற என்ன?"

"ஒண்ணுமில்லை. தபால்காரி வேலை பார்க்கிறேன், தபால் இவ்வளவுதானான்னு கேட்டேன்."

பெட்டி திரும்பி வந்தது சனிக்கிழமை காலையில், அவர் கிளம்புகிற நேரத்தில். மனைவி தம்பி வீட்டுக்குப் போய் வாங்கி வந்திருந்தாள். "பதிஞ்சிட்டானாம். அழுத்திப் பிடிச்சுடாதீங்கன்னு சொன்னான்," என்றாள். வேறு சேதி இல்லை.

உணவகத்தில் மேலாளர் சொன்னபடியே ஒரு நாற்காலியும், அதை ஒட்டித் தண்ணீர் ஜாடி மேசையும் இருந்தன. பரிமாறுகிறவர்கள் ஜாடி எடுக்க வரும்போதெல்லாம் கிதாரின் தலையில் முழங்கை இடிக்கும். ஆய்வாளர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைத்துனனின் பதிவை ஒரு நிமிடம் கேட்டார். முதல் பகுதி. அதே ஊஞ்சல். மீதியைக் கேட்பதற்குள் சன்னலோர மேசைகளில் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். கேட்டவரை போதும் என்று ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

கையால் மட்டும் வாசித்த முதல் மூன்று மெட்டுகளும் வம்பில்லாமல் போயின. ஒரு பெண்மணி சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தலையாட்டினார். ஆய்வாளர் தைரியம் கொண்டு "படிக்கட்டு"க்கு வந்தார். மிதித்தார். மைத்துனன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான், அப்படித்தான் இருந்தது. முதல் பகுதி வழுவழுவென்று போயிற்று. இரண்டாம் பகுதியில் அவர் கொஞ்சம் சிரித்தும் விட்டார். மூன்றாம் பகுதி வந்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வாரம் நாளுக்கு அறுபது முறை பழகியபடி, ஒவ்வொரு படியாக நிதானமாகக் காலெடுத்து வைத்தார்.

பெட்டி ஓடியது.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. ரிதம் அவரை விட்டுவிட்டு மேலே போய்க்கொண்டிருந்தது. நான்காம் படியில் அவர் நிற்க, அது ஆறாம் படியில் நின்று திரும்பிப் பார்த்தது. பிறகு உச்சிக்கு முன்னால், வழக்கமாக அவருக்கு மூச்சு வாங்கும் இடத்தில், அது ஒரு கணம் தயங்கி, அவர் வந்து சேர்வதற்கு இடம் விட்டது. பத்து ஆண்டுகளாக அவர் ஓடிய ஓட்டமும் இளைத்த இளைப்பும் அப்படியே, அச்சு மாறாமல், அதற்குள் இருந்தன. மைத்துனன் ஆளில்லாத அறையில் உட்கார்ந்துகொண்டு, அவர் எங்கே ஓடுவார் என்று நினைத்துப் பார்த்து, அங்கெல்லாம் கூடவே ஓடியிருக்கிறான்.

ஓடாதவரோடு ஓடுகிற துணையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆய்வாளர் எட்டிப் பிடிக்கப் பார்த்தார்; அதற்குள் அது நின்றது. அவர் நின்றார்; அது கிளம்பியது. கையும் காலும் ஓடாமல் பொத்தானை மிதித்தார். ஒரு மிதிதான் விழுந்தது. பெட்டி நிற்காமல், அவருடைய தடுமாற்றத்தையும் சேர்த்துப் பதியத் தொடங்கியது. சுற்று முடிந்து முதலிலிருந்து வரப்போகிறது என்று தெரிந்ததும் படபடவென்று மிதித்தார். சட்டென்று எல்லாம் நின்றது. தண்ணீர் ஜாடியில் பனிக்கட்டி மோதுகிற சத்தம் கேட்டது.

சன்னலோரத்தில் ஒருவர் மரியாதைக்காக இரண்டு தட்டு தட்டி, யாரும் சேர்ந்துகொள்ளாததால் கையைத் துடைக்கிற பாவனையில் நிறுத்திக்கொண்டார்.

மேலாளர் வந்து குனிந்தார். "என்ன சார், பெட்டி ரிப்பேரா?"

ஆய்வாளரின் வாய் ஆமாம் என்று சொல்லத் திறந்தது. தராசில் குறை கண்டுபிடித்த மறு நொடி கடைக்காரர்கள் சொல்லுகிற சொற்கள் ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம். காற்று அடிச்சுது சார். பையன் இப்பதான் தட்டைக் கழுவினான் சார். நேத்து வரைக்கும் சரியா இருந்துச்சு சார். அந்த வரிசையின் கடைசியில் தாமும் போய் நிற்பது அவருக்குத் தெரிந்தது.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு," என்றார். "பெட்டியில வாசிச்சவரும் நல்லாத்தான் வாசிச்சிருக்கார். தப்பு என்னோடது."

மேலாளருக்கு இந்தக் கணக்கு புரியவில்லை. "அடுத்த வாரம் சரியா இருக்குமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஒரு ஜாடியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மீதி நேரத்தை ஆய்வாளர் எப்படியோ கடத்தினார். கடைசி மெட்டை முடித்ததும் வீட்டுக்குப் போகவில்லை. மைத்துனன் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு நேராகப் போனார். அவன் பிசியோதெரபிஸ்ட். அறுவை சிகிச்சை முடிந்தவர்களை மறுபடி நடக்கப் பழக்குவது அவன் தொழில். நீளமான கூடத்தில், இரண்டு கம்பிகளுக்கு நடுவே, பருத்த ஆசாமி ஒருவர் அடி மேல் அடி வைத்துக்கொண்டிருந்தார். மைத்துனன் அவர் பக்கத்தில், அவர் வைக்கிற அதே அளவுக்கு அடி வைத்துக்கொண்டு வந்தான். ஆய்வாளரைக் கிதாரோடும் பையோடும் வாசலில் பார்த்ததும் புருவத்தை மட்டும் உயர்த்தினான்.

"ஏன் மாப்ள ஓடினே?" என்றார் ஆய்வாளர், அங்கிருந்தபடியே.

"எங்கே ஓடினேன்?"

"மூணாம் பகுதியில."

மைத்துனன் நின்றான். பருத்த ஆசாமியும் நின்றார். "நீங்க ஓடுவீங்கன்னு ஓடினேன் மாமா."

"நான் ஓடலை."

"ஓடலையா?"

"ஓடலை. ரெண்டு வாரமா பழகினேன். ஒரு படி கூட ஓடலை."

மைத்துனன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தம் வராமல் சிரிக்கத் தொடங்கினான். தோள் குலுங்கியது. "பத்து வருஷமா ஓடின மனுஷன். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? சீட்டுல எடம் இல்லையா? கண்ணை மூடிக்கிட்டு உங்களை எதிர்ல உட்கார வெச்சுக்கிட்டு வாசிச்சேன் மாமா நான்!"

"தம்பி, நான் நிக்கவா நடக்கவா?" என்றார் பருத்த ஆசாமி.

"ஒரு நிமிஷம் நில்லுங்க ஐயா, நல்லா நிக்கிறீங்க."

ஆய்வாளர் பையைக் கீழே வைத்தார். சொல்ல வந்தது நாக்கு நுனியில் இருந்தது. அதை மென்று விழுங்குவது எளிது. இத்தனை வாரமாக அதைத்தான் செய்திருந்தார்.

"மாப்ள. அன்னைக்கு நான் சொன்னது தப்பு. நீ இழுக்கலை. நான்தான்..."

"இருங்க மாமா." மைத்துனனின் சிரிப்பு நின்றிருந்தது. "இங்கே வேண்டாம். அன்னைக்கு எங்கே சொன்னீங்க?"

"சாப்பாட்டு மேசையில."

"யார் யார் இருந்தாங்க?"

"எல்லாரும்."

"அப்போ எல்லாரும் இருக்கும்போது அதே மேசையில சொல்லுங்க. எங்கிட்ட மட்டும் காதோட சொன்னா, அவங்களுக்கு நான் என்னிக்கும் இழுக்கிறவன்தானே?" என்று சொல்லிவிட்டு அவன் பருத்த ஆசாமியின் பக்கம் திரும்பினான். "வாங்க ஐயா. இடது கால்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆய்வாளர் மனைவியோடு மாமனார் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் வாக்கியத்தை மனத்துக்குள் செதுக்கிக்கொண்டே போனார். மேசையில் மாமனாரும் மைத்துனனும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மற்றவர்கள் வருவதற்குள் சொல்லி முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டவுடன் தொடங்கிவிட்டார்.

"மாமா, அன்னைக்கு மாப்பிள்ளை ரிதம் இழுக்கிறான்னு சொன்னேனே, அது தப்பு. அவன் இழுக்கலை, நான்தான் ஓடினேன், அவன்தான் பத்து வருஷமா என்னைச் சரிக்கட்டிக்கிட்டு வந்தான்."

மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "அது எங்களுக்குத் தெரியுமே மாப்பிள்ளை," என்றார் மிக அன்பாக.

ஆய்வாளர் மூச்சுவிட்டார். முடிந்தது என்று நினைத்தார். அப்போது மாமியார் அடுக்களையிலிருந்து பாத்திரத்தோடு வந்தார்.

"அம்மா அன்னைக்கு இருந்தாங்க மாமா," என்றான் மைத்துனன், தட்டைப் பார்த்தபடி.

ஆய்வாளர் மாமியாரிடம் முழுவதையும் சொன்னார். மாமியார் பாத்திரத்தை வைக்காமலே கேட்டு முடித்து, "அதுக்கென்ன, உட்காருங்க, ஆறிப்போகுது," என்றார். அவர் உட்காரப் போகையில் மைத்துனனின் மனைவி தண்ணீரோடு வந்தாள்.

"இவளும் இருந்தா."

மறுபடி சொன்னார். அவள் "ஐயோ, என்னண்ணே இதெல்லாம்," என்று வெட்கப்பட்டுக்கொண்டு கணவனை முறைத்தாள். ஆய்வாளரின் கழுத்து நரம்பு புடைத்தது. மனைவியைப் பார்த்தார், அவள் சன்னலுக்கு வெளியே மும்முரமாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் கார் வந்து நின்றது. மனைவியின் அக்காளும் சகலையும் இறங்குகிற சத்தம் கேட்டது.

"சகலைக்குமா?" என்றார் ஆய்வாளர்.

"அவரும்தான் மாமா இருந்தார்."

சகலை செருப்பைக் கழற்றுகிறவரை காத்திருந்து, கை கழுவுகிறவரை காத்திருந்து, நாற்காலியில் உட்கார்ந்து "என்ன எல்லாரும் கம்முனு இருக்கீங்க?" என்று கேட்கிறவரையும் காத்திருந்தார். பிறகு பாடம் ஒப்பிக்கிறவர் போல, ஒரே மூச்சில், இடைவெளி விடாமல் ஆரம்பித்தார். "அன்னைக்குமாப்பிள்ளைரிதம்..."

மைத்துனன் மேசையில் விரலால் ஒரு தட்டு தட்டினான்.

"ஓடாதீங்க மாமா," என்றான். "முதல்லேர்ந்து வாங்க."

ஆய்வாளர் கண்ணை மூடித் திறந்தார். அடுத்த தட்டு விழும்வரை வாயைத் திறக்கவில்லை. விழுந்ததும் தொடங்கினார்.